வீடியோவில் மட்டும்

தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் அந்த வீடியோவை எடுத்தாள். அதில் சந்தேகமே இல்லை. 'கொஞ்சம் நிறுத்தேன்க்கா, நான் பேசறது பதிவாகாது' என்று கெஞ்சியதும், 'நிறுத்தினா தையல் கோணிப்போகும், நீ பாட்டுக்கு எடு' என்று அக்கா குனிந்த தலை நிமிராமல் சொன்னதும் நன்றாக நினைவிருந்தது. ஆனால் போட்டுப் பார்த்தால் மெஷின் சத்தமே இல்லை. அவளுடைய குரல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே போன சைக்கிளின் மணி இருந்தது, அவற்றுக்கு அடியில் ஒரு கத்தரி மட்டும், கனமான துணியை அவசரமில்லாமல் நறுக்குகிறவர் கையில் இருப்பதுபோல, கர்ரக், கர்ரக் என்று நடந்துகொண்டிருந்தது.

முப்பத்திரண்டு வயதாகியும் அக்காவுக்கு அவள் பொடிசு. நாமும் அப்படியே கூப்பிடலாம். பொடிசுக்கு ஐந்து வயதும் அக்காவுக்குப் பதினேழும் இருந்தபோது பெற்றவர்கள் இருவரும் ஒரே வாரத்தில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அக்காதான் எல்லாம். அந்த முன்னறையில் துணி தைத்துத்தான் தங்கையைப் படிக்கவைத்தாள். இப்போது பொடிசுக்கு ஒரு நல்ல வேலை கிடைத்திருந்தது. தீயிலும் வெள்ளத்திலும் சேதமான வீடுகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அறிக்கை எழுதும் வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆறு மணி நேர ரயில் பயணத்தில் இருந்தது அந்த ஊர்.

செய்தியைச் சொல்லப் பொடிசுக்கு நாலு நாள் தைரியம் வரவில்லை. ஆனால் அக்கா அழவில்லை. 'போய்ட்டு வாடி. ஆயுசு முழுக்க என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டே நிப்பியா?' என்று சிரித்தாள். தானே பெட்டியைத் தூசி தட்டி வைத்தாள்.

கம்பெனிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு அறையிலும் நாலு மூலையில் நின்று நாலு போட்டோ. பிறகு வாசற்படியில் நின்று, மெதுவாக ஒரு சுற்று வீடியோ. கண்ணில் படுகிற பொருளையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே சுற்ற வேண்டும். போனில் எடுத்தது செல்லாது. ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி இன்னொரு கையால் எடுக்கிற அளவுக்குச் சின்னதாக, போட்டோவும் வீடியோவும் ஒன்றுபோல் நன்றாக வருகிற கேமரா வேண்டும். அதைத் தேர்ந்தெடுக்கத்தான் இத்தனை பாடும். கேமராக் கடைக்காரர் தங்கமான மனிதர். 'செருப்பையும் கேமராவையும் கடையில நின்னு முடிவு பண்ணக் கூடாதும்மா. வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு நாள் எடுத்துப் பாருங்க' என்று முதல் கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தார்.

போட்டோக்கள் நாலும் கச்சிதமாக வந்திருந்தன. நாலிலும் அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். பொடிசு வீடியோவை மறுபடி ஓடவிட்டாள். அலமாரி. நூல்கண்டுத் தட்டு. மெஷின். அதன் முன்னால் காலி ஸ்டூல். ஜன்னலோரம் அக்கா நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் யாரோ ஒருத்தி, முதுகு மட்டும் தெரியும்படி அசையாமல் நிற்க, அக்கா தோளிலிருந்து தோளுக்கு டேப்பை இழுத்துப் பிடித்திருந்தாள். மூன்று விநாடி. பிறகு கேமரா சுவருக்குத் திரும்பிவிட்டது.

மறுநாள் கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். 'நல்லாத்தானே வந்திருக்கு. என்ன குறை?'

'ஜன்னல்கிட்ட பாருங்க. அது யாரு?'

'உங்க அக்கா அளவு எடுக்கறாங்க.'

'யாருக்கு?'

'உங்களுக்குத்தான்.' சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். 'அட, முதுகைப் பார்த்தாத் தெரியாதா? வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கே.'

'அப்போ படம் எடுத்தது யாரு?'

'டைமர் போட்டிருப்பீங்க' என்றார் அவர், கேமரா விற்கிறவருக்கே உரிய நிம்மதியோடு. 'இது பிடிக்கலன்னா இன்னொண்ணு தரேன். மங்கின வெளிச்சத்துல இதைவிட நல்லா எடுக்கும்.'

இரண்டாவது கேமராவோடு வீடு திரும்புகிற வழியெல்லாம் பொடிசு தன் வலது தோளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வேலைக்குப் போட்டுக்கொள்ள நாலு சட்டை தைக்கிறேன் என்று அக்கா ஒரு மாதமாக அளவெடுத்துக்கொண்டிருந்தாள். தோள், கை, இடுப்பு என்றால் சரி. அப்புறம் விரல்களை ஒவ்வொன்றாக அளந்தாள். போன வாரம் பொடிசு மதியத் தூக்கத்திலிருந்து விழித்தபோது, கன்னத்தின் மேல் டேப் சில்லென்று கிடந்தது. காதிலிருந்து காதுக்கு.

'இது எந்தச் சட்டைக்குக்கா?'

'தொப்பி தைக்கலாம்னு பார்த்தேன். உன் அண்டாத் தலைக்குக் கடையில எவன் தொப்பி வெச்சிருக்கான்?'

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இப்போது யோசித்துப் பார்த்தால், ஒரு மாதமாகியும் ஒரு சட்டைகூட முடியவில்லை. மெஷின் மட்டும் தினமும் ஓடுகிறது.

அன்று வானம் மூடியிருந்தது. மங்கிய வெளிச்சத்தில் கேமராவைச் சோதிக்கத் தோதான மதியம். பொடிசு திரைச்சீலைகளை இழுத்துவிட்டாள். அக்காவைச் சமையலறைக்குப் போகச் சொல்லி, தானே கதவைச் சாத்தினாள். 'என் வீட்ல என்னையே துரத்தறா, பெரிய ஆபீசர்' என்று கதவுக்குப் பின்னால் அக்கா முணுமுணுத்தது கேட்டது. முன்னறையில் ஈ, காக்கை இல்லை. துணியின் கஞ்சி வாடையும் மெஷின் எண்ணெயின் வாடையும் மட்டும் இருட்டில் கனமாகத் தேங்கியிருந்தன. அவள் நாலு மூலையிலும் நின்று போட்டோ எடுத்தாள். வாசற்படியில் நின்று, பொருள்களைச் சொல்லிக்கொண்டே மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள்.

கட்டிலில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். போட்டோவில் காலி அறை. வீடியோவில் அக்கா இருந்தாள். மண்டியிட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, முன்னால் நின்றவளின் விலா ஓரம் எதையோ கூட்டிப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். நின்றவள் உடம்பில் சட்டை இல்லை. ஊசி இறங்கிய இடத்தில் ரத்தமும் இல்லை. அக்கா பல்லிடுக்கால் பேசினாள். கொஞ்சலாக, பொடிசுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் பேசிய அதே குரலில்.

'ஆடாதே கண்ணு. திங்கட்கிழமைக்குள்ள முடிக்கணும். எங்க, ம் சொல்லு.'

'ம்' என்றது அந்த உருவம். ஈரத்துணியைப் பிழிவதுபோல ஒரு சத்தம்.

'அப்படி இல்ல. அவ மூக்கால சொல்லுவா. இன்னொரு தடவை.'

'ம்.'

பொடிசு வீடியோவை நிறுத்தினாள். அது அவளுடைய 'ம்'. தொண்டையில் பாதியும் மூக்கில் பாதியுமாக, சின்ன வயதிலிருந்து அவள் சொல்லிவருகிற 'ம்'. உலகத்தில் அதைக் கேட்டுப் பழகியிருப்பது ஒரே ஒருத்திதான்.

எழுந்துபோய்ச் சமையலறைக் கதவைத் திறந்தாள். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

'எப்படி வந்திருக்கு படம்?'

'நீ அந்த ரூமுக்கு வந்தியாக்கா?'

'நீதானே என்னை இங்க இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினே?'

'ம்.'

வாய் தவறி வந்துவிட்டது. அக்காவின் கத்தி அந்தரத்தில் நின்றது. தலையைச் சற்றுச் சாய்த்து, ஒரு நல்ல பாட்டைக் காதில் வாங்குகிறவள்போல, கண்ணை மூடிக்கொண்டாள். உதடு சத்தமில்லாமல் அசைந்தது. சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள். பிறகு கத்தி மறுபடி இறங்கியது. கர்ரக்.

அன்றே கிளம்பியிருக்கலாம். யாராக இருந்தாலும் கிளம்பியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் வளர்த்த கை அது. அந்தக் கையைச் சந்தேகப்பட்டு ஓடிப்போய், நாளைக்குக் கேமராக் கோளாறுதான் என்று தெரிந்தால், அக்கா முகத்தில் எப்படி விழிப்பது? ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது கேமராவை வாங்கிவந்தாள். அதன் திரையை முன்பக்கம் திருப்பிவிடலாம். எதிரே நிற்கிறவர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு பார்ப்பதில் அர்த்தமில்லை. எடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். பொய்யென்றால் அக்காவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போகலாம். மெய்யென்றால், பெட்டி வாசலில் தயாராக இருந்தது.

மாலை ஐந்து மணி வெயில் முன்னறையில் பாதி வரை வந்திருந்தது. அக்கா மெஷினில் குனிந்திருந்தாள். பொடிசு கேமராவை அலமாரித் தட்டில் வைத்து, திரையை முன்னால் திருப்பிவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

'என்னடி, நாடகம் போடறியா?' அக்கா திரும்பவில்லை.

'ராத்திரி ரயிலுக்குப் போறேன்ல. நாம ரெண்டு பேரும் இருக்கற மாதிரி ஒண்ணு.'

'எடு, எடு. எனக்கும் கடைசி மடிப்புதான் பாக்கி.'

போட்டோ எடுக்கிற நிலையில் திரையில் எல்லாம் சரியாக இருந்தது. மெஷின். அக்கா. நாற்காலி. நாற்காலியில் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எட்டி, வீடியோவுக்கான பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

சிவப்புப் புள்ளி எரிந்தது.

மெஷின் அவள் காதருகே ஓடிக்கொண்டிருந்தது. திரையில் அது ஓடவில்லை. திரையில் அக்கா ஜன்னலோரம் நின்றிருந்தாள். பக்கத்தில் நின்றவள் இந்த முறை முதுகைக் காட்டவில்லை.

பொடிசின் முகம். அதே நெற்றி. அதே இறங்கிய தோள். முகவாய் ஓரமாக, காதிலிருந்து காதுக்கு, முதலில் போட்டுப் பிறகு பிரித்துவிடுகிற வெள்ளை ஓட்டுத் தையல். அக்கா குனிந்து அந்த நூலைப் பல்லால் கடித்து உருவினாள். மெதுவாக. வலிக்கக் கூடாதே என்கிற மாதிரி.

'இனி எங்கேயும் போக மாட்டேல்ல?'

'ம்.'

மூக்கால்.

'அக்கா' என்று பொடிசு கூப்பிட்டாள். மெஷின் முன்னால் குனிந்திருந்தவள் நிமிரவில்லை. 'அக்கா, நான் இங்கே இருக்கேன்.' திரையில் அந்த முகம்தான் குரல் வந்த பக்கம் திரும்பியது. அக்கா அதன் கன்னத்தைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். 'அங்க ஒண்ணுமில்ல கண்ணு.'

அப்போதுதான் பொடிசு திரையில் தன் நாற்காலியைப் பார்த்தாள். அதில் யாரும் இல்லை. நாற்காலி முதுகில் ஒரு துணி தொங்கியது. வெட்டி எடுத்தபின் மிஞ்சுகிற துணி. ஓரங்கள் மட்டும். நடுவில், தலை, தோள், கை, விரல் ஒவ்வொன்றாக, ஒரு பெண் அளவுக்கு ஓட்டை.

கையைத் தூக்கினாள். திரையில் துணியின் ஒரு ஓரம் அசைந்தது.

மெஷின் நின்றது.

திரையில் அக்கா நாற்காலிக்கு வந்தாள். துணியை எடுத்து ஒரு உதறு உதறினாள். பொடிசின் பற்கள் கிடுகிடுத்தன. அக்கா துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை வழியாக ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. மேல் ஓரத்தை முகவாயால் அழுத்திக்கொண்டு, இரு கைகளாலும் கீழ் ஓரத்தை எடுத்து, பாதியாக மடித்தாள். நாற்காலியில் பொடிசின் நெற்றி அவளுடைய முழங்காலிலேயே போய் இடித்தது. அக்கா ஓரங்களைச் சரிபார்த்தாள். மறுபடி பாதியாக மடித்தாள். பிறகு அதை மேசைமேல் வைத்து, சுருக்கம் போக, உள்ளங்கையால் நீவி நீவி அழுத்தினாள்.