தூங்குமூஞ்சியும் ஏழாம் வாய்ப்பாடும்

அம்மாவின் லாரிக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். பெயர் வைத்தவள் சிட்டு. சிட்டு என்பதும் பள்ளிக்கூடப் பெயர் இல்லை. ஓரிடத்தில் நிற்காமல் துறுதுறுவென்று இருக்கிறாளே என்று அம்மா வைத்தது.

சின்ன லாரிதான். பேக்கரியில் ரொட்டித் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்குவது அம்மாவின் வேலை. காலை ஆறரைக்குப் பேக்கரி வாசலில் நிற்க வேண்டும். கடைசித் தட்டை இறக்கியதும் சிட்டுவைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவாள்.

தூங்குமூஞ்சி டீசல் வண்டி. குளிர்காலத்தில் அதைச் சட்டென்று எழுப்ப முடியாது. சாவியைப் பாதி திருப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்ஜினில் இருக்கும் நான்கு ஹீட்டர் ப்ளக்குகள் சூடாகிவிடும். அப்புறம்தான் சாவியை முழுதாகத் திருப்பிக் கிளப்ப வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதைச் சொல்ல ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு குட்டி விளக்கு இருந்தது. விளக்கு அணைந்தால் ப்ளக் சூடாகிவிட்டது என்று அர்த்தம். ஆனால் அந்த விளக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரேயடியாக அணைந்துவிட்டது. இவ்வளவு பழைய வண்டிக்கு அது எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

அதனால் விளக்கின் வேலையைச் சிட்டு பார்த்தாள். சாவி பாதி திரும்பியதும் ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பிப்பாள். அவள் 'எழுபது' என்றதும் அம்மா வண்டியைக் கிளப்புவாள். ஏன் ஏழாம் வாய்ப்பாடு? கணக்குப் பரீட்சையில் சிட்டு கோட்டை விட்டதெல்லாம் அந்த ஏழில்தான். வண்டியும் கிளம்பட்டும், வாய்ப்பாடும் வரட்டும் என்பது அம்மாவின் ஏற்பாடு.

"ஆறேழு நாப்பத்திரெண்டு... ஏழேழு நாப்பத்தொம்போது... எட்டேழு... எட்டேழு... இரும்மா, சொல்லிடாதே... அம்பத்தாறு!"

இப்படியே முக்கி முனகிப் பத்தேழு எழுபதில் முடிப்பாள். தூங்குமூஞ்சி ஒரு செருமு செருமிவிட்டுக் கிளம்பிவிடும்.

இதெல்லாம் போன வாரம் வரைக்கும்தான். திங்கட்கிழமை வண்டி கிளம்பவில்லை.

"எழுபது!" என்றாள் சிட்டு. அம்மா சாவியைத் திருப்பினாள். கர்ர்... கர்ர்... கர்ர்... பின்னால் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. மறுபடி வாய்ப்பாடு, மறுபடி கர்ர். நாலாவது தடவைதான் வண்டி மனது வைத்தது. பேக்கரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் மணி நேரம் தாமதம்.

செவ்வாய்க்கிழமை இன்னும் மோசம். கர்ர் கர்ர் என்று இழுத்து இழுத்தே பேட்டரி படுத்துவிட்டது. எதிர்வீட்டுக்காரரும் பேப்பர் போடுகிறவரும் மூச்சு வாங்க வாங்கத் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். பேக்கரி முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தும் உள்ளே போய்ச் சுவர்க்கடிகாரத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்.

"அரை மணி நேரம்மா. கடைக்காரங்க எல்லாம் என்னைத்தான் பிடிச்சு உலுக்குறாங்க. நாளைக்கும் இதே கதைன்னா நான் வேற வண்டி பாத்துக்கறேன். தப்பா நினைக்காதீங்க."

"நாளைக்குச் சரியா வந்துடுவேன் சார்" என்றாள் அம்மா.

பள்ளிக்கூடம் வரும்வரை அம்மா ரோட்டை மட்டுமே பார்த்து ஓட்டினாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது சிட்டுவுக்கு. இந்த வேலை போனால் தூங்குமூஞ்சி வீட்டு வாசலில் சும்மா நிற்கும். கொஞ்ச நாளில் அதுவும் நிற்காது, யாராவது வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சிட்டுவுக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது மெக்கானிக் மாமா லாரியின் மூடியைத் திறந்துவைத்து உள்ளே தலையை விட்டிருந்தார். பேட்டரிக்கு மதியமே சார்ஜ் ஏற்றியாகிவிட்டது. அம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"உன் வண்டிக்கு என்ன கேடும்மா? இப்பத்தான் கிளப்பினேன், கேட்டதும் கிளம்பிடுச்சு" என்றார் மாமா.

"இப்ப வெயில் அடிக்குதுண்ணே. காலையில குளிர்ல வந்து பாருங்க, தெரியும்."

"அப்ப ஹீட்டர் ப்ளக்கைத்தான் பாக்கணும். டீசல் வண்டியில பத்த வைக்கத் தீப்பொறி கிடையாது. காத்தை அழுத்துற சூட்டுலதான் டீசல் பத்தணும். குளிர்ந்து கிடக்கிற இரும்பு அந்தச் சூட்டைக் குடிச்சிடுச்சுன்னா எங்கே பத்தும்? அதுக்குத்தான் ப்ளக் முன்னாடியே சூடாகி நிக்குது."

அவர் ஒரு ப்ளக்கைக் கழற்றி எடுத்தார். சிட்டுவின் சுண்டுவிரல் நீளம்தான் இருந்தது. இடுக்கியால் அதைப் பிடித்து, பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து வைத்தார்.

"முனையை மட்டும் பாரு. தொட்டுடாதே."

சிட்டு பார்த்தாள். பழக்க தோஷத்தில் வாய் தானாகவே ஓட ஆரம்பித்தது. "ஓரேழு ஏழு ஈரேழு பதினாலு மூவேழு இருபத்தொண்ணு..." கடகடவென்று எழுபதில் போய் நின்றாள்.

ப்ளக்கின் முனை கறுப்பாகவே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து லேசாகச் சிவந்தது. அப்புறம்தான் ஆரஞ்சு நிறத்தில் ஜொலித்தது.

"பாத்தியா, நல்லாத்தான் இருக்கு. பழைய ப்ளக், கொஞ்சம் நிதானம், அவ்வளவுதான்" என்றார் மாமா. மிச்சம் மூன்றையும் கழற்றிப் பார்த்தார். அவையும் நிதானமாக ஜொலித்தன. "நாலும் நல்லா இருக்கு. எனக்கு ஒண்ணும் புரியலையேம்மா."

சிட்டுவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் சூடாகிவிட்டது.

போன வாரம் கணக்கு டீச்சர் வகுப்பில் வாய்ப்பாட்டுப் போட்டி வைத்தார். சிட்டு குளிக்கும்போது, தலை பின்னும்போது, செருப்பு மாட்டும்போது எல்லாம் ஏழாம் வாய்ப்பாட்டையே உருப்போட்டாள். வெள்ளிக்கிழமை எட்டே நொடியில் சொல்லி முதலாவதாக வந்தாள். பரிசாகக் கிடைத்த பென்சில் இப்போதுகூடப் பையில் இருக்கிறது. அந்தப் பென்சிலைப் பற்றி எதிர்வீடு வரை சொல்லியாகிவிட்டது.

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அம்மா இன்னும் இன்ஜினையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, வண்டி நல்லாத்தான் இருக்கு. விளக்குதான் கெட்டுப்போச்சு."

"அது கெட்டுத்தான் ரெண்டு வருஷம் ஆச்சே."

"அந்த விளக்கு இல்லம்மா. நான்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாமாவைக் கேட்டு இன்னொரு ப்ளக்கில் ஒயரை வைக்கச் சொல்லி, எட்டு நொடியில் ஒப்பித்தும் காட்டினாள். முனை கறுப்பாகவே இருந்தது. மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். இரண்டு நாளைக்கு அப்புறம் அன்றுதான் சிரித்தாள்.

"சரி, நாளைக்கு மெதுவா சொல்லு" என்றாள் அம்மா.

சிட்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். நாலேழு வரைக்கும் மெதுவாக வந்தது. அதற்குமேல் நாக்கு கேட்கவில்லை, குடுகுடுவென்று ஓடிவிட்டது. மறுபடி சொன்னாள். மறுபடியும் ஓடியது.

"போச்சு" என்றாள் சிட்டு. கொஞ்சம் யோசித்தாள். "பரவாயில்லம்மா. எனக்கு வேற ஒண்ணு தெரியும். தெரியும்னா... சரியாத் தெரியாது."

புதன்கிழமை காலை கண்ணாடியெல்லாம் பனி. அம்மா சாவியைப் பாதி திருப்பினாள்.

"ஓரெட்டு எட்டு" என்று ஆரம்பித்தாள் சிட்டு. "ஈரெட்டு பதினாறு. மூவெட்டு... மூவெட்டு... இருபத்துநாலு."

அம்மாவின் விரல் சாவியிலேயே இருந்தது. ஏழெட்டில் கொஞ்சம் தடுக்கியது. எட்டெட்டில் மாட்டிக்கொண்டது.

"எட்டெட்டு... இரும்மா, சொல்லிடாதே... அறுபத்துநாலு! ஒம்போதெட்டு எழுபத்திரெண்டு. பத்தெட்டு எம்பது!"

அம்மா சாவியை முழுதாகத் திருப்பினாள். தூங்குமூஞ்சி ஒரு செருமு செருமியது. அடுத்த நொடி ஜன்னல் கண்ணாடி அதிர அதிரக் கிளம்பிவிட்டது.

ஆறு இருபத்தைந்துக்கு லாரி பேக்கரி வாசலில் நின்றது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கப் போகவில்லை. "சீக்கிரமே வந்துட்டீங்க போல" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.

கடைசிக் கடையும் முடிந்து பள்ளிக்கூடம் வந்தது. சிட்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு குதித்து இறங்கினாள். அம்மா ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டாள்.

"சிட்டு, ஒன்பதாம் வாய்ப்பாடு எப்ப நடத்துவாங்கன்னு டீச்சர்கிட்ட கேட்டுட்டு வா. அதுவரைக்கும் எட்டை ரொம்பப் படிச்சிடாதேடி!"