கதவைச் சாத்தினால் சிக்னல் இல்லை

நெட்காரருக்கு முதலில் உறுத்தியது சிக்னல் அல்ல, புழுக்கம். சன்னலோரம் ஒரு கட்டில், பக்கச்சுவரில் டிவி, நெட்டிலிருந்து படம் எடுத்துக் கொடுக்க அதன் முதுகில் செருகிய கட்டைவிரல் அளவு ஸ்டிக். அதைத் தவிர அந்த அறையில் ஒரு சாமானும் இல்லை. வெளியே காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்த மழையில் ஹால் தரையெல்லாம் சில்லென்று கிடக்க, இங்கே மட்டும் நெரிசலான பஸ்ஸுக்குள் ஏறியது போல வெக்கை முகத்தில் அடித்தது.

"வீடு பூரா நெட் பறக்குது. இந்த ரூம்ல மட்டும் படம் சுத்திக்கிட்டே நிக்குது" என்றாள் வீட்டுக்கார அம்மா. ஹாலில் நின்றே பேசினாள், நிலைப்படியைத் தாண்டவில்லை. "காலையில நல்லாத்தான் ஓடும். சாயங்காலம் கதவைச் சாத்தினா போச்சு. குடிவந்ததுலேர்ந்து இதே ரோதனை."

"கதவு திறந்திருந்தா?"

"திறந்திருந்தா வரும். எங்க வீட்டுக்காரர் ஒருநாள் சாத்திட்டு உக்காந்தாரு. அதுலேர்ந்து இந்தப் பக்கமே வர்றதில்ல. கேட்டா, படம் நல்லால்லைன்னு சொல்றாரு."

நெட்காரர் சிரித்தார். வீட்டுக்கார அம்மா சிரிக்கவில்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது. பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் போனிலிருந்து மகள். "அப்பா, எல்லாரும் போயிட்டாங்கப்பா. நான் மட்டும்தான் நிக்கிறேன்."

"இதோ கிளம்பிட்டேன்டா கண்ணு. வாட்ச்மேன் மாமாகூடவே இரு, எங்கயும் நகரக் கூடாது, என்ன?"

தாயில்லாப் பிள்ளை. அழைத்துவர அவரை விட்டால் ஆள் கிடையாது. அவர் அவசர அவசரமாக வேலையைப் பார்த்தார். ஹாலில் இருந்த ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டார். டிவியின் முதுகுக்குப் பின்னால் மூச்சுமுட்டிக் கிடந்த ஸ்டிக்கை ஒரு குட்டி ஒயர் மாட்டி வெளியே இழுத்துவிட்டார். பழைய இணைப்பை அழித்து பாஸ்வேர்டைப் புதிதாகக் கொடுத்தார். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. சிக்னல் முழுசாக நின்றது.

அத்தோடு பையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் மனுஷனுக்கு ஒரு பழக்கம். முன்பு ஒரு கம்பெனியின் பெரிய மீட்டிங் ஹாலுக்கு வைஃபை போட்டு, காலி ஹாலில் சோதித்துப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் கூட்டம் வந்து உட்கார்ந்ததும் சிக்னல் செத்துப்போனது. முதலாளி வாங்கு வாங்கென்று வாங்கினார். "மனுஷ உடம்பு பூரா தண்ணிய்யா. தண்ணி சிக்னலைக் குடிச்சிரும். ஆள் இல்லாத ஹால்ல டெஸ்ட் பண்ணிட்டு வந்து நிக்கிறியே!" அன்றிலிருந்து ஜனங்கள் எப்படிப் புழங்குவார்களோ அப்படியே வைத்துச் சோதிக்காமல் அவர் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்புவதில்லை.

"ஒரு நிமிஷம்மா, சாத்திப் பாத்துட்டுக் கிளம்பிடறேன்" என்று கதவை உள்பக்கமாகச் சாத்தினார்.

படம் ஓடியது. கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு திணறியது. நின்றது. நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

போனில் சிக்னல் அளக்கும் ஆப்பைத் திறந்துகொண்டு அறைக்குள் நடந்தார். கதவருகே நன்றாக இருந்தது. கட்டிலைத் தாண்டி சன்னல் பக்கம் போகப்போக விழுந்தது, சன்னலருகே ஒன்றுமே இல்லை. சுவருக்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருக்குமோ என்று கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். வெறும் மழை.

திரும்பி வந்தபோது கட்டிலருகேயும் சிக்னல் இல்லை.

இப்போதுதானே இருந்தது? இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். இருந்தது. அங்கேயே நின்றார். கை ஆடவில்லை, கால் நகரவில்லை. ஆப்பில் சிக்னல் முள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. சன்னல் பக்கமிருந்து ஏதேதோ வந்து, அவருக்கு முன்னால், ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது போல.

தண்ணி சிக்னலைக் குடிச்சிரும்.

அவருக்குப் பயம் வந்தது. ஈரத் தலைமுடியின் வாடை. நாள்பட்ட வியர்வை வாடை. மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டிருந்தது. அதன் இடத்தில், நிறையப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் அமைதி.

கதவுக்கு ஓடினார். கைப்பிடி திரும்பியது. கதவு அவர் பக்கமாக ஒரு விரல் அகலம் திறந்தது. நின்றுவிட்டது.

எதிலும் இடிக்கவில்லை. மெத்தென்று எதிலோ பட்டு நின்றது. பிறகு, மெதுவாக, திரும்பிப் போய்ச் சாத்திக்கொண்டது.

"அம்மா! வெளியிலேர்ந்து தள்ளுங்கம்மா!"

"தள்றேன், தள்றேன்." கதவு முனகியது. "கதவுமேல சாஞ்சு நிக்காதீங்க. கொஞ்சம் நகருங்க."

"நான் சாயலம்மா. தள்ளித்தான் நிக்கிறேன்."

அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். வேகமாக. தெருக்கதவு திறந்து, படாரென்று சாத்தும் சத்தம்.

போன் அடித்தது. வாட்ச்மேன் நம்பர். பாதி மணி. அடங்கிவிட்டது. திரும்ப அழைக்க விரலைக் கொண்டுபோனார். விரல் போகவில்லை. முழங்கை எதிலோ முட்டியது. இந்தப் பக்கமும் முட்டியது. முதுகில் சூடு. பிடரியில் மூச்சு.

டிவியில் வட்டம் நின்றது. திரை அணைந்தது.

கறுத்த கண்ணாடியில் அறை தெரிந்தது. சன்னலிலிருந்து கதவு வரை தலைகள். இண்டு இடுக்கு விடாமல், தோளோடு தோள் உரசி. ஒரு முகமும் டிவி பக்கம் திரும்பியிருக்கவில்லை. எல்லாம் கதவைப் பார்த்தபடி, திறப்பதற்குக் காத்து நின்றன. நடுவில் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரே முகம் அவருடையது. அவருக்கு முன்னால் நின்ற ஆள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். பின்னாலிருந்தவர்கள் அவரை அந்த இடத்துக்குள் மெல்லத் தள்ளி, அவர் முகத்தையும் கதவுப் பக்கம் திருப்பினார்கள்.