கன்டின்யூட்டி உதைக்குது!

"ஆ... ஆ... ஆ...!"

ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ரெஹானா பிணமாகக் கிடந்தாள்.

நெற்றியில் ரத்தம். திறந்த கண்கள்.

பிணம் சட்டென்று எழுந்து உட்கார்ந்து முதுகைச் சொறிந்தது.

"எறும்புடா ஷானவாஸ்!"

"கட்! கட்! கட்!"

ஷானவாஸ் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். விஷுவல் கம்யூனிகேஷன், கடைசி வருடம். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒன்றரை நிமிட ஹாரர் ட்ரெய்லரைக் கல்லூரிக்கு அனுப்பியாக வேண்டும். இல்லையென்றால் செமஸ்டர் அம்பேல். அத்தா அவனைக் கம்பத்தில் ஏலக்காய்க் கடையில் உட்கார வைத்துவிடுவார்.

மணி இப்போது ஒன்றரை. என்ன வகை ஹாரர் என்பதே இன்னும் முடிவாகவில்லை!

"அண்ணே, கத்தியோட துரத்துற ஸ்லாஷர் நமக்கு வேலைக்காகாது," என்றான் மேக்கப் சசிதரன். "ஸாம்பி பண்ணுவோம். கிழிஞ்ச சட்டை போதும். பச்சை ரத்தம் கலக்கிட்டு வந்துர்றேன்."

"ஏலே, காலைல நீதான பேய்னு சொன்ன? வெயில்ல வெள்ளைச் சேலையப் பார்த்துட்டுப் பழம் பறிக்கிற அக்காமாருக கெக்கெக்கேன்னு சிரிச்சாக! அப்புறம் ஸ்லாஷர்னு சொன்ன. இப்ப ஸாம்பியா?"

"பட்ஜெட் அப்படிண்ணே!"

சசிதரன் மேக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் நடந்தான்.

ஷானவாஸ் தரையில் கிடந்த தொப்பியை எடுத்து மண்ணைத் தட்டினான்.

"ஒரு முடிவெடுக்கத் துப்பில்ல... நீயெல்லாம் டைரக்டரா?" ரெஹானா எரிந்து விழுந்தாள்.

"எடுத்ததப் போடு சுருளி. ஏதாச்சும் தேறுதான்னு பார்ப்போம்," என்றான் ஷானவாஸ்.

கேமராமேன் சுருளி திரையைத் திருப்பினான்.

பேய் டேக்... ஸ்லாஷர் டேக்...

"நிறுத்து! பின்னால மோட்டார் ரூமப் பாரு. பேய் டேக்ல கறுப்பு கேபிள் கிணறு வரைக்கும் போகுது. ஸ்லாஷர்ல பாதிதான் இருக்கு! கன்டின்யூட்டி உதைக்குதுடா! எவன்டா செட்ல கை வச்சது?"

கத்திய பிறகுதான் ஷானவாஸுக்கு உறைத்தது.

அது செட் இல்லை... தோட்டத்துச் சொந்தக்காரர் ஜெய்லானி மாமாவின் நிஜ மோட்டார் கேபிள். உள்ளே முழுக்கச் செம்பு!

"மூணு மணிக்குத்தான் மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்ட் வரும்," என்றான் சுருளி. "அதுவரைக்கும் தைரியமா அறுக்கலாம்."

"ஜானர் மாத்துறப்பல்லாம் அங்கன ரத்தம் கலக்கப் போனது யாரு?" என்றாள் ரெஹானா.

"மாத்தச் சொன்னதும் அவன்தான்! ஸாம்பி முடிஞ்சா மிச்சக் கேபிளும் போயிரும். மாமா நம்பித் தோட்டத்தக் குடுத்தாகடா! சுருளி, கேமராவ ஆஃப் பண்ணாம ஓடு!"

ஓடினார்கள்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் சசிதரன். கையில் ஆக்ஸா பிளேடு. திறந்து கிடந்த மேக்கப் பெட்டிக்குள்... சுருட்டி அமுக்கிய கேபிள்!

ரத்த முகத்தோடு முதலில் போய் நின்றவள் ரெஹானா.

"யாத்தே...!"

சசிதரன் அலறிக்கொண்டு வாய்க்காலில் மல்லாந்தான். பழம் பறிக்கிற அக்காமார் ஓடிவந்து அமுக்கினார்கள்.

நாலே முக்காலுக்கு ட்ரெய்லர் போய்ச் சேர்ந்தது. குலுங்கும் கேமரா, ரத்த முகம், ஓர் அலறல். ஜானர் கட்டத்தில் 'ஃபவுண்ட் ஃபுட்டேஜ்', அதாவது எங்கோ கிடைத்த நிஜ வீடியோ போன்ற வகை. பத்தே நிமிடத்தில் புரொபசரிடமிருந்து பதில்... "பிரமாதம்!"

அப்போதுதான் வந்து சேர்ந்த போலீஸ் ஜீப்பில் ஏற்றப்பட்ட சசிதரன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணே... டைட்டில்ல மேக்கப்னு எம்பேரப் போடுவீகளா?"

"நடிப்புன்னே போடுறேன்டா! இன்னிக்கு ஒரே டேக்ல ஓகே ஆனது உன் அலறல் மட்டுந்தான்!"