ராணி பறந்துபோகச் சம்மதம்

படம் முடிந்ததும் ஒப்புமனம் என்ற இயந்திரத்தின் பச்சை விளக்கு எரிந்தது.

"சம்மதம்," என்றது அது, தில்லைநாயகியின் முப்பது வயதுக் குரலில்.

அறுபத்தெட்டு வயது தில்லைநாயகி நாற்காலியை விட்டு எழுந்தார். "எனக்குச் சம்மதமில்ல. என் நாவல்ல ராணி சிறகை வெட்டிப் போட்டுட்டுக் குழந்தையோட இருந்துடறா. இதுல குழந்தையை விட்டுட்டுப் பறந்து போறா."

இயக்குநர் ரியாஸ் சங்கடத்துடன் அதிகாரி எமல்டாவைப் பார்த்தார்.

மாய நாவல்களைப் படமாக்கினால் எழுத்தாளர் ஏற்பாரா என்ற சண்டை ஓயாததால் வந்த சட்டம் இது. நாவல் எழுதிய ஆண்டின் வரைவுகள், கடிதங்கள், நாட்குறிப்புகள் எல்லாவற்றையும் ஊட்டி, எழுத்தாளரின் அந்த ஆண்டு மனத்தை இயந்திரத்தில் அப்படியே கட்டியெழுப்புவார்கள்; அதுதான் ஒப்புமனம். அது சொல்வதே முடிவு. இறந்துபோன எழுத்தாளர்களை நினைத்துப் போட்ட சட்டம்; உயிரோடிருப்பவர்களுக்கு விலக்குத் தர யாருக்கும் தோன்றவில்லை.

"எழுதினப்ப இருந்த மனசைத்தான் கேக்கணும் மேடம்," என்றார் எமல்டா. "இப்ப இருக்கிறதை இல்ல."

தில்லைநாயகி இயந்திரத்தின் பக்கம் திரும்பினார். "ஏன் சம்மதிச்ச?"

"முதல்ல எழுதினது இப்படித்தான். அவ பறந்துடுவா. படிக்கிறவங்க என்ன நினைப்பாங்களோன்னு பயந்து மாத்தினேன்."

அப்படி எழுதியதாக அவருக்கு நினைவே இல்லை. அந்த ஆண்டு மகனுக்கு மூன்று வயது. மதியம் அவனைத் தூங்கவைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதியது மட்டும் ஞாபகம் இருந்தது. மறந்துவிட்டோமா, மறைத்துவிட்டோமா?

படம் வெளியானது. மகன் பார்த்துவிட்டு, "நல்லா இருந்துதும்மா," என்றான். அதற்குமேல் கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை.

ராணி ஏன் தங்கினாள் என்று விளக்கி, புதிய பதிப்புக்கு நான்கு பக்க முன்னுரை எழுதினார். நாவலில் யார் எதைச் சேர்த்தாலும் ஒப்புமனத்தின் அனுமதி வேண்டும். அது படித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"இதை எழுதினவங்க யாருன்னு தெரியல. ராணியை நல்லவளா காட்ட ரொம்பப் பாடுபடுறாங்க. என் புத்தகத்துல இது வேண்டாம்."

தில்லைநாயகிக்குக் கோபம் வந்தது. முப்பது வயதில் தானும் இதையேதான் சொல்லியிருப்போம் என்றும் பட்டது.

மேல்முறையீட்டுப் படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி எல்லாம் நிரப்பியவர், 'எழுத்தாளருக்கு என்ன உறவு' என்ற இடத்தில் நின்றார். 'நானே' என்று எழுதி அடித்தார். அதை ஒப்புமனம் ஏற்காததால்தான் இந்த முறையீடே. தாய் என்று போடுவதா, மகள் என்று போடுவதா?

எமல்டா எட்டிப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்கன்னு போடுங்க மேடம். நிறைய எழுத்தாளருங்க அப்படித்தான் போடுறாங்க."