கறுப்பு டேப்

செல்போன் அலறியது.

கொழிஞ்சாம்பாறை கடைவீதியில், ஒரு வேனுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் பூபதிராஜா எண்ணெய்க் கையோடு போனை எடுத்தான்.

"பூபதிதானே? எஸ்.ஐ. முருகேஸ்வரி பேசுறேன். முன்னாடி உங்க ஊரு ஸ்டேஷன்ல இருந்தேனே... இப்ப சித்திரபுரம் பக்கம்."

"சொல்லுங்க மேடம். சௌக்கியமுங்களா?"

"சிவப்பிரகாஷைத் தெரியுமா?"

"நம்ம ஊரு தென்னந்தோப்புக்காரருங்க. உங்க மலையில ஹோம்ஸ்டே நடத்துறாரு. திங்கக்கிழமைதான் அவரு காரை ரிப்பேர் பண்ணிக் குடுத்தனுங்க."

"இன்னைக்குக் காலையில அந்தக் கார் பள்ளத்துல விழுந்திருச்சு. ஆளு அங்கேயே முடிஞ்சிட்டாரு. கிளம்பி வாங்க."

பூபதி வேனை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினான்.

பொள்ளாச்சி, உடுமலை என்று பஸ் மாறி மாறி மலை ஏறும்போதெல்லாம் அந்தத் திங்கட்கிழமைதான் கண் முன்னால் நின்றது.

எஞ்சின் லைட் எரிகிறது, வண்டி இழுக்கவில்லை என்று சிவப்பிரகாஷ் வந்தார். ஸ்கேனரைச் செருகினான். வேகத்துக்குத் தகுந்தபடி வால்வு திறக்கும் நேரத்தை மாற்றுகிற சோலினாய்டின் மின் இணைப்பில் கோளாறு என்றது. சாக்கெட்டைக் கழற்றி மீட்டர் வைத்தான். உள்ளேயிருந்த கம்பிச்சுருள், அதாவது காயில், ஏழு ஓம்ஸ் காட்டியது. நல்ல காயில்! வயர்தான் செத்துக் கிடந்தது. எலி கடித்திருந்தது.

பக்கத்துக் கடையில் ராடு இரவல் வாங்கி, ஈயம் உருக்கிச் சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் உறை மாட்ட வேண்டும். அரைமணி வேலை.

ஆனால் அன்று அவன் தங்கை மகளுக்குச் சீர். தாய்மாமன் தட்டு போகாமல் சடங்கு நகராது. வயரை முறுக்கினான். கறுப்பு டேப்பைச் சுற்றினான். நான்கே நிமிடம்.

"தாங்குமாண்ணா?" என்று கேட்டார் சிவப்பிரகாஷ்.

"நூத்துக்கு நூறுங்க," என்றான் பூபதி, சட்டையை மாற்றிக்கொண்டே.

அந்தப் பொய்தான் இப்போது திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. சிவப்பிரகாஷுக்கு மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை!

ஸ்டேஷன் முற்றத்தில் கார் நொறுங்கிக் கிடந்தது. பக்கத்தில் முருகேஸ்வரி. இன்னொரு ஆளும் கைகட்டி நின்றான்.

"இவர் ராஜசேகர். ஹோம்ஸ்டேயில சிவப்பிரகாஷுக்குக் கூட்டாளி," என்றாள் முருகேஸ்வரி.

"இவந்தான் மேடம் அந்த மெக்கானிக்!" ராஜசேகர் விரலை நீட்டினான். "மலை ஏறி வந்தன்னைக்கே மறுபடி லைட் எரியுதுன்னு சிவா சொன்னாரு. இவன் வேலைதான் அவரைக் கொன்னுருச்சு."

பூபதி தலையைக் குனிந்தான்.

"பின்னால வந்த பஸ் டிரைவர் பாத்திருக்காரு," என்றாள் முருகேஸ்வரி. "வளைவுல மெதுவாப் போகையில எஞ்சின் நின்னிருக்கு. ஸ்டியரிங் திரும்பலை. பிரேக்கும் கல்லாட்டம் ஆயிருக்கும். அந்த வால்வு வயராலே இப்படி ஆகுமா?"

"ஆகுமுங்க. அந்த வயரு காரு பாடித் தகட்டுல பட்டா வால்வு தொறந்தபடியே நின்னுக்கும். எஞ்சின் சூடானப்புறம், ஸ்லோவுல வந்தா ஆஃப் ஆயிரும்."

"சரி. நீங்க ஜாயின்ட்டை எப்படிப் போட்டீக? சால்டரா?"

ஒரே வார்த்தை போதும். ஆமாம் என்று சொன்னால் பட்டறை பிழைக்கும். ஊரில் பேர் பிழைக்கும். செத்தவர் எழுந்து வந்தா சாட்சி சொல்லப் போகிறார்?

"சொல்லுங்க பூபதி."

"இல்லீங்க..." பூபதி கைகூப்பினான். "முறுக்கி டேப்பு சுத்துனனுங்க. சீருக்குப் போற அவசரம். நூத்துக்கு நூறுன்னு பொய் வேற சொன்னனுங்க. என்னைய உள்ள போட்ருங்க மேடம். அந்தக் கொழந்தைக்கு நான் என்ன பதில் சொல்லுவனுங்க?"

"ஒத்துக்கிட்டான்ல!" என்றான் ராஜசேகர்.

முருகேஸ்வரி காரருகே போனாள். நெளிந்த பானட்டை நெம்பித் தூக்கினாள்.

"இங்க வந்து பாருங்க."

பூபதி எட்டிப் பார்த்தான்.

டேப் இல்லை! வயர் பளபளவென்று சால்டர் வைக்கப்பட்டு, பச்சை ஸ்லீவ் போட்டு, உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சலாம் போல இருந்தது. அந்த ஸ்லீவுக்குள்ளிருந்து மெல்லிய இன்னொரு வயர் கிளம்பி, பாடி போல்ட்டில் கச்சிதமாக முடுக்கப்பட்டிருந்தது.

"இது என் வேலை இல்லீங்க! எம் பட்டறையில சால்டர் ராடே கெடையாதுங்க."

"தெரியும்."

முருகேஸ்வரி தன் சொந்தக் காரின் பானட்டைத் திறந்தாள். கொழிஞ்சாம்பாறையில் இருந்தபோது பூபதி ரிப்பேர் செய்த கார். உள்ளே மூன்று இடத்தில் முறுக்கிச் சுற்றிய கறுப்பு டேப்!

"சால்டர் வச்சேன்னு நீங்க பொய் சொல்லியிருந்தா, இந்நேரம் கொலைக் கேஸ்ல உள்ள இருப்பீக," என்றாள். பிறகு மெல்லத் திரும்பினாள். "ராஜசேகர், உங்க தொழில் என்ன?"

"வயரிங்... கான்ட்ராக்ட், மேடம்."

"இதே பச்சை ஸ்லீவும் சால்டர் ராடும் உங்க டூல்ஸ் பையில கிடைச்சிருக்கு. லைட் ஏன் எரியுதுன்னு பாக்கச் சொல்லி விட்ட கார், செவ்வாய்க்கிழமை ராத்திரி உங்க ஷெட்லதான் நின்னுச்சு. ஹோம்ஸ்டேயை விட்டு உங்களை வெளியேத்தப் போறதா சிவப்பிரகாஷ் அவர் சம்சாரத்துக்கிட்டச் சொல்லியிருக்காரு."

ராஜசேகர் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"அந்த டேப்பை அப்படியே விட்டுட்டு, சும்மா ஒரு வயரை மட்டும் பாடியில தொட வைக்கத்தான் நினைச்சேன் மேடம்," என்றான் பரிதாபமாக. "எல்லாம் இவன் தலையில போயிருக்கும். ஆனா பிரிச்சுப் பாத்தா... இருபது வருசமா வயரிங் பாக்குறேன். அந்தக் கேவலமான முறுக்கை அப்படியே விட கை வரலை."

கான்ஸ்டபிள் அவனை உள்ளே கொண்டு போனார்.

பூபதிக்கு மூச்சு வந்தது. நிம்மதி வரவில்லை.

"மேடம், நான் ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா மறுபடி லைட்டு எரிஞ்சிருக்காது. அவன் பானட்டையே தொறந்திருக்க மாட்டானுங்களே?"

முருகேஸ்வரி அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆமா. திறந்திருக்க மாட்டான்," என்றாள். "சட்டத்துல அதுக்கு செக்‌ஷன் இல்லை. அதை நீங்கதான் சுமக்கணும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தவனை அவள் குரல் நிறுத்தியது.

"எங்க போறீக? என் காருக்கு மூணு ஜாயின்ட்டும் ஒழுங்கா சால்டர் வச்சுட்டுப் போங்க."

"ராடு இல்லீங்களே மேடம்..."

"ஸ்டேஷன்ல ஒண்ணு இருக்கு. ஆனா அது கோர்ட்டுக்குப் போகுது. நீங்க புதுசா வாங்கிக்கோங்க!"