ஐம்பத்திரண்டு கிலோமீட்டர்

அர்த்தநாரிக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்தார், சன்னல்வரை போனார், திரும்பி வந்து உட்கார்ந்தார். சேலம் வரி அலுவலகத்துக்கு வந்த அரைமணி நேரத்தில் இது நான்காவது தடவை. பக்கத்தில் அவர் மனைவி சௌந்தரி அசையாமல் இருந்தாள். அவளைச் சாட்சியாக வரச் சொல்லியிருந்தார்கள், எதற்கென்று சொல்லவில்லை.

எதிரே அதிகாரி ஜெசிந்தா, அர்த்தநாரியின் காரிலிருந்து எடுத்த நோக்கமானிப் பதிவைத் திரையில் ஓடவிட்டிருந்தார். தொழில் பயணத்துக்கு வரிச்சலுகை கேட்பவர்கள் கைப்பட எழுதிய நோட்டுகளை அரசாங்கம் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டது. கோயிலுக்குப் போய்விட்டு 'கொள்முதல்' என்று எழுதினால் யார் கண்டது? இப்போது ஸ்டீயரிங்கில் புதைத்திருக்கும் நோக்கமானி, ஓட்டுகிறவரின் உள்ளங்கை வழியே மனசைப் படித்துவிடுகிறது. வண்டி எங்கே போனால் அதற்கென்ன? மனசு வியாபாரத்தில் இருந்தால் அந்தக் கிலோமீட்டர் தொழில், வீட்டில் இருந்தால் சொந்தம்.

அர்த்தநாரி நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்குத் தடுப்பூசி விற்கிறவர். ஒன்பது வருஷத்தில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். அத்தனையும் தொழில் என்றது கருவி.

"கொடைக்கானல், குற்றாலம், மச்சினன் கல்யாணம், எல்லாமே தொழிலா?" என்றார் ஜெசிந்தா.

"கருவி சொல்லுதுங்களே மேடம்."

"சட்டப்படி நான் ஒத்துக்கணும், ஒத்துக்கறேன். ஆனா இந்த ஒண்ணைப் பாருங்க. உங்க மகள் பிறந்த அன்னைக்கு நாமக்கல்ல இருந்து இங்க ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கீங்க. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். பின்சீட்டுல இவங்க பிரசவ வலியில. அதையும் தொழில்னு காட்டுது. எந்த மனுஷனுக்குமே அப்படி இருக்காது சார். கருவி பழுதுன்னுதான் நான் சொல்வேன். பழுதுன்னா ஒன்பது வருஷப் பதிவும் செல்லாது."

செல்லாது என்றால் வரி, வட்டி, அபராதம். தடுப்பூசி வைக்க அவர் கட்டிய குளிர்பதனக் கிடங்கு கையைவிட்டுப் போகும். அதில் வேலை பார்க்கும் பதினோரு பேரும் தெருவுக்கு வருவார்கள். பழுதில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிற மனுஷன்தான். ஆனால் சௌந்தரி பக்கத்தில் இருந்தாள். வெட்கமாக இருந்தது, தன்மேலேயே கோபமாகவும் வந்தது. மறுபடி எழுந்து நின்றார்.

"பழுதுன்னே எழுதிக்கங்க மேடம்."

ஜெசிந்தா பேனாவை எடுத்தார்.

"எழுதாதீங்க," என்றாள் சௌந்தரி. "அது நல்லாத்தான் இருக்குதுங்க. அன்னைக்கு டிக்கியில தடுப்பூசிப் பெட்டி இருந்துச்சு, மோகனூர் பண்ணைக்குக் குடுக்க வேண்டியது. சித்திரை வெயிலு. நான் வலி தாங்காம கத்துறேன், இவரு 'கொஞ்சம் பொறுத்துக்க, ஐஸ் உருகிருச்சோ என்னமோ'ங்கறாரு. ரெண்டு தடவை வண்டிய நிறுத்தி டிக்கியத் தொறந்து பாத்தாருங்க."

ஜெசிந்தா பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார். ராசிபுரம் பிரிவுக்கு முன்னால் ஒரு நிறுத்தம், மல்லூர் தாண்டி இன்னொன்று. அதற்குப் பிறகு அவர் இரண்டு பேரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சௌந்தரியிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் முழுச் சலுகை என்று உத்தரவு போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அர்த்தநாரி ஓடிப்போய் மனைவிக்காகக் கார்க் கதவைத் திறந்து பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து செய்யாத வேலை. அவள் காரைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போற? ஏறு, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க போங்க, நான் பஸ்ஸுல வந்துக்கறேன்," என்றாள் சௌந்தரி. "அது தொழில் வண்டிங்க. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."