வலது கையில் கிடந்த கோப்பு

செவ்வாய்க் கோளின் ஆறாம் குடியிருப்பில் பிரசவம் பார்க்கும் மரகதத்துக்கு மூன்று மூளைகள். பழுதான கருவிகளைச் சேர்த்து ஒட்டிச் செய்த பேற்றுப்பொறி அவள். தலையில் கணினி, மார்பில் டேப்லெட், வலது உள்ளங்கையில் பழைய கைப்பேசி. எந்த உறுப்பு வழியாகக் கோப்பு இறங்கியதோ அங்கேயே தங்கிவிடும். மற்ற இரண்டுக்கும் தெரியாது. யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. காணவில்லை என்றால் பூமியிலிருந்து இன்னொரு முறை இறக்கிக்கொள்வார்கள்.

அன்றைக்கு அது முடியாது. இரண்டு கோள்களுக்கும் நடுவில் சூரியன் வந்துவிட்டதால் பூமித் தொடர்பு இல்லை. கர்ப்பிணியான கோமதிக்கோ குறித்த நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டது.

"அண்ணாச்சி, பிள்ளைக்குக் கால் முன்னால வருது," என்றாள் மரகதம் கோமதியின் புருஷனிடம். "அதுக்குத் தனி முறை இருக்கு. இறக்கி வச்சிருக்கேன்."

"எங்க?" என்றான் சுடலைமுத்து.

"எனக்குள்ளதான்."

"உனக்குள்ள எங்கட்டி?"

மரகதம் தலையையும் மார்பையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

அவளுடைய தலைத் திரையைத் திறந்து பார்த்தான். வெறும் வானிலை அறிக்கைகள். மார்பில் யார் யாருடையவோ ஜாதகங்கள், கல்யாணப் பத்திரிகைகள். கோமதி கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சீக்கிரம் தேடுங்க. என்னால தாங்க முடியல."

அவன் மரகதத்தின் உள்ளங்கையைத் திருப்பினான். ஒரே பெயரில் வரிசையாகக் கோப்புகள்.

"ஒண்ணையே எத்தன தடவ இறக்குவ? அறிவிருக்கா?"

"தலை தேடுச்சு, கிடைக்கல. கை திரும்ப இறக்கிடுச்சு. மனுசங்க செய்றதப் பாத்துத்தான என்னையப் பழக்குனாங்க, அண்ணாச்சி."

முதல் கோப்பு பாதியில் நின்றிருந்தது. அடுத்தது திறக்கவே இல்லை. அதற்கடுத்ததும் அப்படியே. எல்லாம் புழுதிப்புயலில் தொடர்பு விட்டுவிட்டு வந்த நாட்களில் இறங்கியவை. கடைசிக்கு முந்தியது மட்டும் முழுதாக இருந்தது. அதைத் தலைக்கு மாற்றினான். மரகதம் உடனே வேலையைத் தொடங்கினாள்.

பிள்ளை நீலம் பாரித்து வந்தது. மரகதம் அதன் முதுகைத் தேய்த்தாள். பிறகு அது அழுதது.

கோமதி அந்த உலோகக் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ நல்லா இருக்கணும்," என்றாள்.  ஒழுங்கான பொறியாக இருந்திருந்தால் உடைந்த ஒற்றைக் கோப்போடு நின்றிருக்கும். முழுக்கத் தேடாமல் திரும்பத் திரும்ப இறக்கிய அந்தச் சோம்பலுக்குச் சுடலைமுத்து மனசார நன்றி சொன்னான்.

"மிச்சத்த அழிச்சிரவா, அண்ணாச்சி?"

"ஒண்ணையும் தொடாத. அந்த முழுக் கோப்ப எனக்கு அனுப்பு. குடியிருப்புல எல்லாத்துக்கும் அனுப்பு. நாளைக்கு யாருக்கு வேணுமோ."

சாயங்காலத்துக்குள் அத்தனை பேருடைய மண்டைக்குள்ளும் பதித்திருந்த நினைவுச் சில்லில் கோப்பு இறங்கிவிட்டது. எல்லாரும் நெகிழ்ந்துபோய் நன்றி அனுப்பினார்கள். அது சில்லுக்குள் எந்த மூலையில் இறங்கியது என்று ஒருவரும் பார்க்கவில்லை.